72 மணி நேரம்தான் கெடு! மாத்திரை கேட்டால் கையை விரிக்கும் மருந்துக்கடைகள்

சட்டத்தில் தடை இல்லை. கடையில் சரக்கும் இல்லை

சென்னை. இரவு மணி 9-30.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடை. ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. ஒரு வாலிபர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார்.

கடை வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு இருமல் மருந்து. இன்னொருவருக்கு சர்க்கரை மாத்திரை. அவர்கள் போகும்வரை வாலிபர் அங்கே தொங்குகிற பற்பசை விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நிற்கிறார்.

கடை காலியானதும் குரலைத் தாழ்த்தி ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்கிறார்.

"அதெல்லாம் நம்ம கடையில கிடையாது தம்பி."

"வேற எங்கண்ணே கிடைக்கும்?"

"எங்கேயும் கிடைக்காது. தமிழ்நாட்டுல அதைத் தடை பண்ணிட்டாங்க."

அடுத்த கடைக்கு ஓடுகிறார். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள். "சீட்டு கொண்டு வந்தா தருவீங்களா?" என்றால், "சீட்டு இருந்தாலும் ஸ்டாக் இல்லை சார்" என்று பதில் வருகிறது. அப்புறம் எதற்குச் சீட்டைக் கேட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது கடையில் பேச்சே இல்லை. கடைக்காரர் மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கிறார். நான்காவது கடையில் கல்லாவில் ஒரு வயதான அம்மாள். வாலிபருக்கு வாய் வரவில்லை. இரண்டு ரூபாய்க்கு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

வீட்டில் மனைவி காத்திருக்கிறார். கைக்குழந்தைக்கு 10 மாதம். முந்தின நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது இன்னொன்று என்றால் தாங்காது. வீட்டு வாடகைக்கும் பால் பாக்கிக்குமே சம்பளம் இழுபறி. பெண்ணின் உடம்போ முதல் பிரசவத்தில் இருந்து இன்னும் தேறவில்லை.

கெடு 72 மணி நேரம். அதில் 24 போய்விட்டது.

இப்படி ஒரு கதை சென்னையில் பல வீடுகளில் உண்டு. மாம்பலம் என்பது வண்ணாரப்பேட்டை ஆகலாம், வேளச்சேரி ஆகலாம். கல்யாணம் ஆன ஜோடியாக இருக்கலாம், ஆகாத ஜோடியாக இருக்கலாம். கடைக்காரர் சொல்கிற பதில் மட்டும் ஒன்றுதான்.

என்ன மாத்திரை?

அவசரக் கருத்தடை மாத்திரை என்று அதற்குப் பெயர். உள்ளே இருக்கும் மருந்து லெவோனார்ஜெஸ்ட்ரல். அளவு ஒன்றரை மில்லிகிராம். ஒரே ஒரு மாத்திரை. விலை ரூ.100-ஐச் சுற்றி இருக்கும்.

ஆணுறை கிழிந்து போனால், தினமும் சாப்பிடுகிற கருத்தடை மாத்திரை சில நாள் விட்டுப் போனால், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நடந்துவிட்டால் இதைச் சாப்பிடலாம். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் முதலில் கொடுக்கிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதற்காக மூன்று நாள் இருக்கிறதே என்று சாவகாசமாக இருக்கக் கூடாது. முதல் நாளே சாப்பிட்டால் பலன் அதிகம். மணி ஓட ஓடப் பலன் குறைந்துகொண்டே போகும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும்.

அது செய்கிற வேலை என்ன? பெண்ணின் உடம்பில் கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப் போடுகிறது. முட்டை வராவிட்டால் கரு ஏது? கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் இந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது. அது கருவைக் கலைக்காது. கருவுக்குக் கெடுதலும் செய்யாது.

அடிக்கடி சாப்பிடுகிற சாமான் இது இல்லை. தலைவலி, வயிற்றுப் புரட்டல் வரலாம். அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்னே பின்னே போகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போனால் சிறுநீர் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். காசநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கிற சில மருந்துகள் இதன் பலனைக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சிறுநீர் பரிசோதனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் அட்டை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. யாரும் சீட்டு கேட்பதில்லை. முறைப்பதும் இல்லை. கர்ப்பம் ஆன பிறகு தெரிந்துகொள்ளத் தடை இல்லை. ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது.

தடை எங்கே?

தடை என்றால் உத்தரவு வேண்டும். உத்தரவு என்றால் நம்பரும் தேதியும் வேண்டும். "தடை பண்ணிட்டாங்க" என்று சொல்கிற கடைக்காரரிடம் அந்த உத்தரவைக் கேட்டால் காட்ட முடியாது. தடை எதுவும் போடவில்லை என்று மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகளே பத்திரிகைகளுக்குப் பல முறை சொல்லியிருக்கிறார்கள்.

சட்டம் வேறு விதமாகத்தான் இருக்கிறது. 2005-ம் ஆண்டிலேயே மத்திய அரசு இந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. மருந்துக்கடையில் நேராகப் போய்க் கேட்டு வாங்கலாம். 2024-ல், இனிமேல் சீட்டு இல்லாமல் விற்க முடியாது என்று ஒரு பேச்சு கிளம்பிப் பரபரப்பாக ஓடியது. விதியில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய அரசு தரப்பில் விளக்கம் வந்தது.

ஆனாலும் சென்னையில் கிடைக்கவில்லை. 2020-ல் பல மாநிலங்களில் மருந்துக்கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. இந்த மாத்திரையை வைத்திருந்த கடைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மூன்றுதான். ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே இதுதான் கடைசி. ஏன் வைக்கவில்லை என்று கேட்டபோது மிகப் பெரும்பாலான கடைக்காரர்கள் சொன்ன காரணம்: "தடை இருக்கிறது."

வதந்திக்குக் கால் முளைத்தால் சட்டத்தைவிட வேகமாக ஓடும் போலிருக்கிறது.

விளம்பரத்தில் வந்த வினை

எப்படி ஆரம்பித்தது இது? 2007-ம் ஆண்டு வாக்கில் இந்த மாத்திரைக்கு டெலிவிஷனில் விளம்பரம் வர ஆரம்பித்தது. தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் நேரத்தில் விளம்பரம் ஓடியது. எதிர்ப்பு கிளம்பியது. கலாசாரம் கெட்டுவிடும் என்றார்கள் சிலர். பெண்கள் கணக்கு வழக்கில்லாமல் விழுங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்றார்கள் வேறு சிலர். தமிழ்நாட்டில் மருந்து கட்டுப்பாட்டுத் துறையும் விளம்பரத்தின் மேல் கண் வைத்தது.

எதிர்ப்பு விளம்பரத்துக்கு. மறைந்து போனது மாத்திரை. விளம்பரம் நின்ற பிறகும் மாத்திரை திரும்பி வரவில்லை.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. கருத்தடை மாத்திரை, கருக்கலைப்பு மாத்திரை. இரண்டும் வேறு வேறு மருந்து. ஆனால் கூட்டத்தில் அவசரமாகச் சொன்னால் கேட்பவர் காதில் "கரு" மட்டும்தான் விழும்.

கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றால் குற்றம். அதில் விளையாட்டு இல்லை. கணக்குத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்தப்போக்கில் உயிரே போகும். அதனால் அதிகாரிகள் கடைகளில் சோதனை போடுகிறார்கள். பில் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நியாயமான சோதனைதான். அந்தப் பயத்தில் கடைக்காரர்கள், அதனோடு சம்பந்தமே இல்லாத கருத்தடை மாத்திரையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மாத்திரை விற்றால் கையில் நிற்பது சொற்பக் காசு. அதற்காக இன்ஸ்பெக்டரிடம் பதில் சொல்ல வேண்டும், லைசென்சுக்கு ஆபத்து வருமோ என்று ராத்திரி தூக்கம் கெட வேண்டும் என்றால் யார் வாங்கி வைப்பார்? மொத்த வியாபாரியிடம் கேட்டால், "யாருமே எடுக்கிறதில்லை சார், அதனால நாங்களும் போடுறதில்லை" என்கிறார். சில்லறைக் கடையில் கேட்டால், "மொத்தக் கடையில வரலை" என்கிறார்கள். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்துத் தெருக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பயம் வேறு. "அந்தக் கடையா? அங்கே அது விக்கிறாங்க" என்று பெயர் வந்துவிட்டால் குடும்பஸ்தர்கள் வரமாட்டார்கள் என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். குடும்பஸ்தர்கள்தான் அதைத் தேடி அலைகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

பெங்களூர் சரக்கு

கடையில் இல்லாத சாமானுக்குத் தனி வழி பிறப்பது சகஜம். கல்லூரி மாணவிகள் விடுதியிலும், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் இடங்களிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ யாராவது போனால் நாலு மாத்திரை வாங்கி வரச் சொல்வார்கள். பெட்டிக்குள் அது பத்திரமாக இருக்கும். அவசரம் என்றால் கைமாறும். அட்டையில் காலாவதி தேதி பார்க்காமல் சாப்பிட்டுவிட்டால் பலன் கிடைக்காது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

செல்போனில் ஆர்டர் போடுகிறவர்களும் உண்டு. பார்சல் இரண்டு நாளில் வந்தால் அதிர்ஷ்டம். நாலாவது நாள் வந்து கதவைத் தட்டினால் அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

பெங்களூரில் தோழியும் இல்லை, செல்போனில் ஆர்டர் போடவும் தெரியாது என்கிற பெண்ணின் கதி என்ன? கொத்து வேலைக்குப் போகிற பெண், வீட்டு வேலை செய்கிற பெண், ஏற்றுமதி கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிற பெண். அவர்கள் காத்திருக்கிறார்கள். மாதவிலக்கு வருகிறதா என்று நாள் எண்ணுகிறார்கள். வராவிட்டால் பப்பாளிக்காய், எள், கருப்பட்டி என்று பாட்டி வைத்தியம். அதுவும் பலிக்காவிட்டால் யாரோ ஒருவர் மறைவாகக் கொடுக்கிற மாத்திரை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கருக்கலைப்புக்குச் சட்டப்படி வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 1971-ல் சட்டம் வந்தது. 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை செய்யலாம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவர் கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் இடம்

கடை கைவிரித்தால் போக வேண்டிய இடம் அரசாங்க ஆஸ்பத்திரி. அவசரக் கருத்தடை மாத்திரை குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஈசி பில்" என்ற பெயரில் அரசாங்கமே கொடுக்கிறது. காசு கிடையாது.

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சைக் கேட்கலாம். எழும்பூர் தாய்-சேய் நல ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி (பழைய ஆட்களுக்கு கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் புரியும்), ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி போன்ற பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளில் குடும்ப நலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். அது மாநில அரசின் சுகாதார உதவி எண்.

குறை இல்லையா? இருக்கிறது. சுகாதார நிலையம் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்காது. மருந்து சில சமயம் தீர்ந்து போயிருக்கும். வரிசையில் நிற்க வேண்டும். வேலைக்கு அரை நாள் லீவு போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி வரும்: "கல்யாணம் ஆச்சா?" மாத்திரை கொடுக்க அந்தப் பதில் தேவையில்லை. ஆனாலும் வழக்கத்தில் கேட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வாசல் வரை வந்து திரும்பிப் போகும் பெண்கள் உண்டு.

மூன்று நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் கர்ப்பம் தங்காது. மாத்திரையைவிட இது உறுதியானது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதோடு வருடக்கணக்கில் கவலையும் இல்லை. ஒரு வகை 5 வருடம், இன்னொரு வகை 10 வருடம் தாங்கும். வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம். பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள்ளேயும் போட்டுக்கொள்ளலாம். இதுவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

டீத்தூளோடு வந்த நிரோத்

இந்த விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதிதா? இல்லை. 1930-களிலேயே பெரியார் "குடி அரசு" பத்திரிகையில் கர்ப்பத் தடையை ஆதரித்து எழுதினார். ஜனத்தொகைக் கணக்கை அவர் பேசவில்லை. பெண்ணின் விடுதலைக்காக இது வேண்டும் என்றார். 1950-களின் பிற்பகுதியிலேயே சென்னை ராஜ்ய அரசாங்கம் ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்தது.

1968-ம் ஆண்டு நிரோத் வந்தது. மூன்று ஆணுறை 15 காசு. ஊர் ஊராக அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அரசாங்கம் ஒரு யோசனை செய்தது. டீத்தூள், சோப்பு, சிகரெட், பாட்டரி விற்கிற பெரிய கம்பெனிகளிடம் வேலையை ஒப்படைத்தது. கடைக்குக் கடை போகிற அவர்களுடைய வண்டியிலேயே நிரோத்தும் போயிற்று. பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் நிரோத் பாக்கெட் தொங்கியது. பஸ்சின் முதுகிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் சிவப்பு முக்கோணம் எழுதினார்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று ரேடியோ கூவியது. யாரும் கடையை மூடச் சொல்லவில்லை.

இன்று ஆணுறை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. வாங்குகிறவர் கூச்சம் மட்டும் போகவில்லை. தலைவலி மாத்திரையைக் கையில் அப்படியே கொடுக்கிற கடைக்காரர், ஆணுறையைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வாயை மடித்துக் கொடுக்கிறார். கவரைப் பார்த்தாலே என்ன சாமான் என்று தெரு முழுக்கத் தெரியும்!

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆணுறை இலவசம். ஒரு முக்கியமான விஷயம். மணிபர்சில் வைத்து மாதக்கணக்கில் உட்காரக் கூடாது. மின்சார ரெயில் நெரிசலிலும் உடம்புச் சூட்டிலும் ரப்பர் கெட்டுவிடும். கிழிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். காலாவதி தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். பால்வினை நோயையும் எய்ட்சையும் தடுப்பது இது ஒன்றுதான். மாத்திரையோ காப்பர்-டியோ அதைச் செய்யாது.

தினம், வாரம், மூன்று மாதம்

அவசரமே வராமல் பார்த்துக்கொள்ளவும் வழிகள் இருக்கின்றன. தினமும் சாப்பிடுகிற "மாலா-என்" இலவசம். ஓர் அட்டையில் 28 மாத்திரை. 21 கருத்தடைக்கு, மீதி 7 இரும்புச்சத்து. புகை பிடிக்கிற நடுத்தர வயதுப் பெண்களுக்கும், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும், ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் இது ஆகாது.

தினமும் ஞாபகம் வைக்க முடியாதவர்களுக்கு "சாயா" என்கிற மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. பிறகு வாரம் ஒன்று. இது லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்து. இதில் ஹார்மோன் கிடையாது. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம்.

"அந்தரா" என்று ஓர் ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. 2017-ல் அரசாங்கத் திட்டத்தில் வந்தது. மாமியாருக்குத் தெரியக் கூடாது, வீட்டில் மாத்திரை அட்டை இருக்கக் கூடாது என்று நினைக்கிற பெண்களுக்கு இது சௌகரியம். மாதவிலக்கு தாறுமாறாக வரலாம். அதை நர்சு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெண்ணுக்கு 58, ஆணுக்கு ஆயிரத்தில் ஒன்று

இவ்வளவு வழி இருந்தும் தமிழ்நாட்டில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். பெண்ணுக்கு ஆபரேஷன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கல்யாணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பம்? ஆயிரத்துக்கு ஒன்று!

ஆணுக்கு இது சின்ன விஷயம். கத்தி போடுவதில்லை. மரத்துப் போக ஒரு ஊசி. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். மூன்று மாதம் வரை மட்டும் ஆணுறை போட வேண்டும். பிறகு பரிசோதனை செய்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அரசாங்கம் கொடுக்கும் ரொக்கமும் பெண்ணுக்குக் கிடைப்பதைவிட ஆணுக்கு அதிகம். ஆண்மை குறைந்துவிடும் என்பது கட்டுக்கதை.

கட்டுக்கதைக்கு வேர் 1976-77-ல் இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது அந்த ஓர் ஆண்டில் நாடு முழுவதும் 60 லட்சம் ஆண்களுக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. வட மாநிலங்களில் பிடித்து இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆண்கள் ஒதுங்கியதும் பாரம் பெண்கள் தலையில் ஏறியது. இறங்கவே இல்லை.

ஆபரேஷனுக்குக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பெண்கள் குறைப்படுவது உண்டு. அரசாங்க விதியில் அப்படி இல்லை. கல்யாணமான பெண், வயது 22-க்கு மேல் 49-க்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்று. இவ்வளவுதான் கேட்கிறது விதி. கையெழுத்து அவருடையது மட்டும்.

மணி 9-10

மாம்பலத்து ஜோடி மறுநாள் காலை 7 மணிக்கே எழுந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டார்கள். அருகில் உள்ள சுகாதார நிலையத்தில், "ஸ்டாக் தீர்ந்துடுச்சு, எழும்பூர் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாம்பலத்தில் மின்சார ரெயில் ஏறினார்கள். ஆபீசுக்குப் போகிற கூட்டம். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு. இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் குடும்ப நலப் பிரிவு எங்கே என்று கேட்க வாலிபர் தயங்கி நின்றார். மனைவிதான் போய்க் கேட்டார்.

நர்சு நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"எப்போ ஆச்சு?"

"முந்தா நேத்து ராத்திரி சிஸ்டர். பத்து மணிக்கு முன்னாடி."

"பால் குடுக்கிறியா?"

"ஆமா."

"ஏம்மா, நேத்தே வர வேண்டியதுதானே?"

"எல்லாக் கடையிலேயும் கேட்டுட்டாரு சிஸ்டர். தடைன்னு சொல்லிட்டாங்க."

நர்சு பதில் சொல்லவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்தார். ஒரு சின்ன அட்டை. அதில் ஒரே ஒரு மாத்திரை.

"தண்ணி கொண்டு வந்திருக்கியா? இங்கேயே போட்டுக்கோ. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா திரும்பி வா. மாசம் தள்ளினாலும் வா."

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார் அந்தப் பெண். சுவர்க் கடிகாரத்தில் மணி 9-10. சுமார் 36 மணி நேரம் ஆகியிருந்தது.

நர்சு மேஜை மேல் இருந்த பெட்டியில் கைவிட்டு ஒரு பிடி ஆணுறை எடுத்தார். கதவோரம் நின்ற வாலிபரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது உனக்கு. மணிபர்சுல வைக்காதே."